பிணையிருந்தார் வீடு

மே 2, வெள்ளி. விழுப்புரம்

தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர். காலையிலிருந்து குழாயைத் திறந்தால் வெறும் காற்று. பிளம்பர் ‘இதோ வந்துட்டேன் சார்’ என்று சொல்லியே மதியமாக்கினான். அவனை எதிர்பார்த்து வாசலில் நின்றபோதுதான் அந்தப் போன் வந்தது.

“பிணையிருந்தாருங்களா?” என்றது ஒரு முதிர்ந்த குரல்.

அறுபத்தேழு வயதில் முதல் தடவையாக என்னை ஒருவர் அப்படிக் கூப்பிடுகிறார். உடம்பு சிலிர்த்தது என்று எழுதினால் மங்கை படித்துவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கட்டும். சிலிர்த்தது.

ரயிலில் டிக்கெட் பரிசோதகனாகவே காலம் தள்ளியவன் நான். சார்ட்டைத் திறந்தால் சாட்டர்ஜி, தேஷ்பாண்டே, குல்கர்னி என்று ஆளுக்கொரு குடும்பப் பெயர். எனக்கு மட்டும் ஒற்றை எழுத்து, ப. கலியமூர்த்தி. வடக்கிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, மாற்றலாகிப் போகும்வரை என்னை மிஸ்டர் பக்கிரிசாமி என்றே விரட்டினார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்பா ரயில்வேயில் கேங்மேன். சொந்த ஊர் எது என்று கேட்டால் ‘விழுப்புரந்தான், போடா’ என்பார். கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் நினைவு தடுமாறிக் கிடந்தபோது நர்ஸ் பெயர் கேட்டாள். “பிணையிருந்தார் வீட்டுப் பக்கிரி, அத்திவிளாகம்” என்றார் தெளிவாக. அதுவரை அந்தப் பெயரும் அந்த ஊரும் அவர் வாயில் வந்ததே இல்லை. எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் உண்டு என்பது தெரியும். எங்களுக்கும் ஒன்று இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பையனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் கேட்டார்கள். விடுவேனா? அரசிதழில் போட்டே மாற்றிவிட்டேன், எனக்கும் அவனுக்கும். இளம்பரிதி பிணையிருந்தார். விமான டிக்கெட்டில் பெயர் முழுசாக அடங்குவதில்லை என்று அவன் இன்றைக்கும் முனகுகிறான். போன மாதம் பேஸ்புக்கில் கேட்டிருந்தேன், இந்தப் பட்டம் உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று. அதைப் பார்த்துத்தான் இந்தப் போன்.

பேசியவர் தில்லைநாயகம், அத்திவிளாகத்தின் கோயில் தர்மகர்த்தா. “அந்த வீட்டுல ஆளு இருக்கீங்களா! அம்மன் கண்ணத் தொறந்துட்டா!” என்று அழுதே விட்டார். பதினோரு நாள் திருவிழாவாம். முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கு உரியதாம். எழுபது வருஷமாக வாங்க ஆளில்லாமல் கிடக்கிறதாம்.

பெயரின் பொருளை நான் முன்பே யோசித்து வைத்திருக்கிறேன். பிணை இருந்தவர். யாரோ ஒரு ராஜா காலத்தில், மாட்டிக்கொண்ட எவருக்காகவோ தன்னையே ஈடாக வைத்த பெருமகன். அவருடைய ரத்தம் என்னிடம் ஓடுகிறது.

“முன்னப்பின்ன தெரியாத ஊரு. இத்தனை வருஷமா தேடாதவங்க இப்ப எதுக்குத் தேடறாங்க?” என்றாள் மங்கை.

“மரியாதை செய்யத்தான்.”

“சும்மா யாருங்க மரியாதை செய்வாங்க?”

அவளுக்கு முழங்கால் வலி. அவள் வரவில்லை. நான் போகிறேன்.

மே 5, திங்கள். அத்திவிளாகம்

கும்பகோணத்தில் இறங்கியதும் எனக்காகக் கார் காத்து நின்றது. ஊர் எல்லையில் மேளம், பூரண கும்பம், வேட்டு. தலையில் பட்டுத்துணியால் பரிவட்டம் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, தெரு நெடுக நடத்தி அழைத்துப் போனார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் அந்த நடையை நான் இன்னும் கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன், மறைப்பானேன்.

ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. வாசலுக்கு வாசல் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தில்லைநாயகத்தின் தங்கையாம், செண்பகவல்லி. புருஷனை இழந்தவள். அதனால் எதிரே வரக்கூடாது என்று ஒதுங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டைக் காட்டினார்கள். கோயிலுக்குப் பக்கத்து வீடு, ஓட்டு வீடு. யாரும் குடியில்லை, ஆனால் வருஷா வருஷம் வெள்ளையடித்து, வாசலில் கோலம் போட்டு, விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். எழுபது வருஷமாக! என் தாத்தாவை இந்த ஊர் எவ்வளவு மதித்திருந்தால் இப்படி வைத்திருக்கும்? அப்பா எதற்கு இந்த ஊரை மறைத்தார் என்றுதான் புரியவில்லை. அவருக்குக் கொஞ்சம் முரட்டுக் குணம், ஏதாவது சண்டை போட்டிருப்பார்.

தில்லைநாயகம் என்னைப் போலவே வழுக்கை. கை கூப்பியபடியேதான் பேசுகிறார். “பசங்க எத்தன பேருங்க?” என்றார்.

“ஒரே பையன்.”

“கல்யாணம்?”

“இன்னும் இல்லை.”

கூட நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரன் பார்க்கிறார்கள் போலிருக்கிறது. ஊருக்கு ஊர் இதே வேலைதான்.

மே 6, செவ்வாய்

காலையில் கொடியேற்றம். மதகடியம்மன் கோயில் சின்னதுதான். கருவறை காலியாக இருக்கிறது. அம்மன் எங்கே என்றேன். “அவ அக்கரையில இருக்காளுங்க, நாகங்குறிச்சியில. திருவிழா கடைசி நாளு ஒரு பகலு நம்ம ஊருக்கு வருவா” என்றார் தில்லைநாயகம். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் நாகங்குறிச்சி.

எனக்குத்தான் முதல் காப்பு. பூசாரி மஞ்சள் கயிற்றை என் வலது மணிக்கட்டில் கட்டினார். குலவைச் சத்தம் எழும்பியது. அப்புறம் தட்டில் வெற்றிலையை வைத்து நீட்டி, “சம்மதமுங்களா?” என்று கேட்டார். இந்த மாதிரி நேரத்தில் எதற்கு என்று கேட்டுக்கொண்டா நிற்பார்கள்? “சம்மதம்” என்று எடுத்துக்கொண்டேன். கூட்டம் பெருமூச்சு விட்டது, நான் கேட்டேன்.

காப்புக் கட்டினவன் அம்மன் வந்து போகும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம். இதைக் கட்டின பிறகுதான் சொன்னார்கள். பரவாயில்லை, எங்கே போகப் போகிறேன்?

மே 7, புதன்

சாப்பாடு ராஜோபசாரம். ஆனால் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், கூட உட்காரக் கூப்பிட்டால் எல்லோருக்கும் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

மே 8, வியாழன்

வாய்க்கால் கரையில் காலாற நடந்தேன். பாலத்தருகில் ஒரு போலீஸ் வேன். எதிர்க்கரையில் பத்துப் பதினைந்து ஆண்கள் நின்று என்னையே பார்த்தார்கள். நான் கையசைத்தேன். அவர்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினார்கள். ரயில்வேயில் இருந்தவரை எனக்கு யாரும் இப்படி ஒரு வணக்கம் வைத்ததில்லை.

திரும்பி வந்து தில்லைநாயகத்திடம் எங்கள் பட்டத்தின் கதையைக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு ஊரும் வெட்டிக்கொண்டு செத்த காலம் ஒன்று இருந்தது. கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். வருஷத்தில் ஒரு பகல் அம்மன் அத்திவிளாகம் வருவாள். அவள் மதகில் கால் வைத்தால்தான் இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் பாயும். ஆனால் நகையும் நட்டுமாக வருகிறவளை நாகங்குறிச்சிக்காரன் நம்பி அனுப்ப வேண்டுமே? அதனால் அம்மன் இங்கே இருக்கும் பகலில் இந்த ஊரிலிருந்து ஓர் ஆள் அங்கே போய் உட்கார வேண்டும். சூரியன் இறங்குவதற்குள் அவள் திரும்பிப் போனால் இவன் திரும்பி வருவான். அப்படி உட்காருவது ஒரே குடும்பத்தின் உரிமை. அந்தக் குடும்பந்தான் பிணையிருந்தார். அவர்கள் ஊரை விட்டுப் போனதிலிருந்து அம்மன் இந்தப் பக்கம் வரவே இல்லையாம்.

“அப்ப நான் போய் உட்காரணுமா?” என்றேன்.

“நீங்க இங்க முதல் மரியாதைங்க. அங்க உக்கார்றது வாரிசு. கல்யாணம் ஆகாத ஆம்பளப் புள்ள.” தரையைப் பார்த்தபடி சொன்னார். “நீங்கதான் வெத்தல எடுத்துச் சம்மதம் சொல்லிட்டீங்களே.”

அவருடைய மருமகன் செந்தூரன், இன்னும் கல்யாணமாகாதவன், கம்ப்யூட்டர் படித்தவன், குறுக்கே விழுந்து சிரித்தான். “பயப்படாதீங்க சார், சும்மா சம்பிரதாயம். பந்தல்ல உக்காந்து எளநி குடிச்சிட்டு வரப் போறாரு. வீடியோ எடுத்துப் போட்டா உங்க பையன் உலக ஃபேமஸ்.”

பெங்களூருக்குப் போன் செய்தேன். பரிதி வழக்கம்போல் இழுத்தான். லீவு இல்லை, புராஜெக்ட் இருக்கிறது. உன் தாத்தாவின் தாத்தா உட்கார்ந்த இடமடா என்று சொல்லி, கொஞ்சம் குரலையும் தழுதழுக்க வைத்து, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். பதினாறாம் தேதி காலையில் வருகிறான். அவனுடைய ரயில், பெட்டி, பெர்த் எல்லாவற்றையும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லியாயிற்று.

மே 10, சனி

கோயிலில் வேலை நடக்கிறது. கருவறையில் கருங்கல்லில் புதுப் பீடம், இடுப்புயரம், நடுவில் சிலையின் அடி இறங்கக் குழி. ஸ்தபதியின் ஆட்கள் கொம்பரக்கும் தேன்மெழுகும் போட்டு எதையோ இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அஷ்டபந்தன மருந்தாம், சிலையைப் பீடத்தோடு அசையாமல் பிடித்து வைப்பது. வாசலில் புது இரும்புக் கிரில் கதவு, பெரிய பூட்டு.

ஒரு பகல் வந்து போகிறவளுக்கு எதற்கு இவ்வளவு என்று செந்தூரனைக் கேட்டேன். “சும்மா முறைக்கு சார்” என்றான். ஊதாரிகள். ஆனை கட்டித் தீனி போடுகிற ஊர் போலிருக்கிறது.

மே 11, ஞாயிறு

மங்கை பேசினாள். மோட்டார் சரியாகிவிட்டது. பரிதியை எதற்கு அங்கே இழுக்கிறீர்கள் என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மே 12, திங்கள்

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. கும்பகோணம் போய் வாங்கி வரலாம் என்று கிளம்பினேன். டீக்கடை தாண்டுவதற்குள் நான்கு பேர் கூடவே நடந்தார்கள். எல்லைக்கல் அருகே ஒருவன் என் முன்னால் வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “தாண்டிடாதீங்க அய்யா, குலம் வெளங்காது.” காலில் விழுந்து கிடப்பவனை மிதித்துக்கொண்டா போவது? திரும்பினேன். அரை மணியில் மாத்திரை வீட்டுக்கே வந்தது, சரியான மாத்திரை, ஒரு மாதத்துக்கு. நான் மாத்திரையின் பெயரைச் சொல்லவே இல்லை. என் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

கோபம் வந்தது. பிறகு, பாசத்தில் செய்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

மே 13, செவ்வாய்

மதியச் சாப்பாட்டைச் செண்பகவல்லி கொண்டுவந்தாள். வழக்கமாக வரும் பெண்ணுக்குக் காய்ச்சலாம். இலையைப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றாள்.

“ஒங்க பெரியப்பா பேரு தெரியுமா?”

எனக்குப் பெரியப்பா யாரும் இல்லை என்றேன்.

“மருதமுத்து. ஒங்க அப்பாவுக்கு மூத்தவரு. பதினெட்டு வயசு. கடைசியா அங்க போயி உக்காந்தவரு அவருதான். அந்த வருசம் எங்காளுங்க அம்மன ஒரு ராத்திரி கூட வச்சிருந்து, மறுநா காலையில அனுப்புனாங்க. அவ போயிச் சேந்தப்ப மருதமுத்து வாய்க்கால்ல மெதந்தாரு. வழுக்கி விழுந்துட்டாருன்னு சொன்னாங்க. நல்லா நீச்சத் தெரிஞ்ச ஆளாம்.”

மிச்சத்தையும் அவளே சொன்னாள். அந்த வாரமே தாத்தா ஊரை விட்டுப் போயிருக்கிறார், மிச்சமிருந்த பிள்ளையோடு. அந்தப் பிள்ளைதான் என் அப்பா.

“இந்த ஊருக்கு அவ்வளவு செஞ்ச குடும்பமா நாங்க?” என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்குக் குடும்பப் பெருமைதான் வாயில் வருகிறது.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபந்தான் இருந்தது. “நீங்க இந்த ஊரே இல்லைங்க. ஏதோ பஞ்சத்துல பொழைக்க வந்த குடும்பம். எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஊருக்குள்ள யாருக்கும் தன் புள்ளையக் கொண்டுபோய் உக்கார வைக்க மனசு வரல. அதுக்குன்னு வச்சுக்கிட்ட குடும்பம் ஒங்களுது. வீடு, நெலம், பட்டம், மொத மரியாத எல்லாங் குடுத்து வச்சுக்கிட்டாங்க. வெட்டப் போற ஆட்டுக்குத்தானே மால போடுவாங்க?”

அவள் போன பிறகு சாப்பிட முடியவில்லை. அது அந்தக் காலம். இப்போது போலீஸ் இருக்கிறது, செல்போன் இருக்கிறது. அம்மன் நேரத்துக்குத் திரும்பிப் போனால் ஒன்றும் இல்லை. நேரத்துக்குப் போவாள்.

மே 14, புதன்

காலையில் கோயில் மண்டபத்தில் ஒரு பத்திரிகைக் கட்டு பிரித்துக் கிடந்தது. எடுத்துப் படித்தேன். பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அத்திவிளாகத்தில் மதகடியம்மன் கும்பாபிஷேகம். பதினாறாம் தேதி மாலையில் அக்கரை போய்விட வேண்டியவளுக்குப் பதினெட்டில் இங்கே என்ன கும்பாபிஷேகம்?

பீடம் எதற்கு, மருந்து எதற்கு, பூட்டு எதற்கு என்று எனக்கு இத்தனை நாள் தெரியாதா? தெரிந்திருக்க வேண்டும். பரிவட்டம் கண்ணை மறைத்துவிட்டது.

தில்லைநாயகத்தின் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவர் கை கூப்பியபடியே கேட்டுக்கொண்டார்.

“அவ எங்க மண்ணுல, எங்க மதகடியில கெடச்சவங்க. எங்க முன்னோருங்க ஏமாந்து அக்கரைக்குக் குடுத்துட்டாங்க. அவங்க வருசா வருசம் தண்ணிய அடைச்சு எங்க வயித்துல அடிக்கிறாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால பாலத்துல நடந்த வெட்டுல எந் தங்கச்சி தாலிய இழந்தா. அம்மன் இங்க இருந்தாத்தான் எங்களுக்கு விடிவு.”

“என் பையன்?”

“இந்தக் காலத்துல யாருங்க உசுர எடுப்பாங்க? ரெண்டு நாளு வச்சிருந்துட்டு விட்ருவாங்க.”

“அவ்வளவுதான்னா உங்க மருமகனை அனுப்புங்க.”

 உள்ளே கேட்டுக்கொண்டிருந்த செந்தூரனின் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

வெளியே ஓடிவந்து பரிதிக்குப் போன் செய்தேன். “டேய், நீ வராதே, டிக்கெட்டை கேன்சல் பண்ணு.”

“அப்பா, நான் வந்துட்டேன்ப்பா! லீவு முன்னாடியே கெடச்சுது, உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு கெளம்பிட்டேன். நாகங்குறிச்சிக்காரங்க தினம் கும்பகோணத்துக்கு ஆள் விட்டுப் பாத்துக்கிட்டிருந்தாங்க போல, எறங்குனதுமே வந்து நின்னாங்க. பேரக் கேட்டாங்க, சொன்னேன், கார்ல ஏத்திட்டாங்க. நாகங்குறிச்சியில இருக்கேன். செம மரியாதைப்பா.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். “ஆனா பாத்ரூம் போனாக்கூட நாலு பேரு கூடவே வர்றாங்க.”

மே 15, வியாழன்

காப்பை அறுத்தேன். பல்லால் கடித்து அறுத்தேன். எல்லைக்கல்லில் படுத்தவனைத் தாண்டிக் குதித்துப் போனேன். பின்னால் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். யாரும் என்னைத் தொடவில்லை, தொடத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள்.

பாலத்தில் நின்ற போலீஸ்காரரிடம் சொன்னேன். அவர் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். “பீஸ் கமிட்டியில ரெண்டு ஊரும் ஒத்துக்கிட்டாச்சு சார். உங்க பையன்தானே அந்தப் பிணை? அவரு வந்ததாலதான் எங்களுக்கே நிம்மதி. பந்தோபஸ்து போட்ருக்கோம், அங்கயும் இங்கயும் அலைஞ்சு நீங்க கெளப்பி விட்றாதீங்க.” மேலிடத்துக்குப் பேசினேன். அவர்கள் அதே இன்ஸ்பெக்டரிடம் விசாரிப்பதாகச் சொன்னார்கள்.

நாகங்குறிச்சிக் கோயில் வாசலில் பந்தல். பரிதி பட்டு வேட்டியும் சந்தனமும் மாலையுமாக உட்கார்ந்திருந்தான். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான். 

ஊர்ப் பெரியவர் வீரப்பிள்ளை எழுந்து வந்து எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன். “நான் பிணையிருந்தார் இல்லைங்க. பேருக்கு ஆசைப்பட்டு வச்சுக்கிட்டேன். பொய்யி. என் பையனை விட்டுருங்க.”

“அப்பா!” என்று பரிதி எழுந்தான். இரண்டு பேர் அவன் தோளைத் தொட்டார்கள், உட்கார்ந்தான்.

வீரப்பிள்ளை மெல்லச் சிரித்தார். “ஒங்க தாத்தாவும் இங்க வந்து இதேதான் சொன்னாராம்.”

சரி, உண்மையையே சொல்லிவிடுவது என்று, பீடத்தையும் பூட்டையும் கும்பாபிஷேகத்தையும் சொன்னேன். “அவங்க அம்மனைத் திருப்பி அனுப்பப் போறதில்லை. நீங்க அனுப்பாதீங்க.”

“தெரியும்” என்றார்.

“தெரிஞ்சுமா அனுப்பறீங்க?”

“தெரிஞ்சுதான். அவங்க வார்த்தை தவறணும்னு எழுவது வருசமாக் காத்துக்கெடக்கோம். பாலத்துல எங்க பசங்களும் மூணு பேரு விழுந்தாங்க. பழி எங்க மேல வரக்கூடாது பாருங்க. முறைப்படி அனுப்புறோம், அவங்க முறை தவறட்டும்.”

என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். காலில் விழப் போனேன், தடுத்துவிட்டார்கள். “போற வயசுல இருக்கறவர வச்சு நாங்க என்னங்க பண்றது?” என்றான் ஒருவன். அதில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டான்.

பரிதியிடம் ஐந்து நிமிஷம் பேச விட்டார்கள், நான்கு பேர் சுற்றி நிற்க. அவன் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் எனக்குத்தான் தைரியம் சொன்னான். “ஒரு நாள்தானேப்பா? நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் ஊருக்குப் போயிடலாம்.” பிறகு கேட்டான், “நீங்கதானேப்பா வரச் சொன்னீங்க?”

குற்றம் சாட்டவில்லை. நான் சொன்னதால் இதில் ஆபத்து இருக்காது என்று இன்னும் நம்புகிறான். வெற்றிலை எடுத்து என் பிள்ளையைக் கொடுத்தவன் நான்.

அங்கே நிற்பதில் பயனில்லை. அம்மன் இன்றிருக்கும் இடத்தில் என்னால் எதையும் தடுக்க முடியாது, நாளைக்கு வரப்போகும் இடத்தில் முடியலாம். அத்திவிளாகத்துக்கே திரும்பி வந்தேன். வழியில் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

மே 16, வெள்ளி

கருவறைக்குள்ளிருந்து எழுதுகிறேன்.

காலையில் ஊரே வாய்க்காலுக்குப் போனது, அம்மனை எதிர்கொண்டழைக்க. பூசாரியும் போனார். அப்போதுதான் உள்ளே வந்தேன். பீடத்தின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கீழே சட்டியில் மருந்து இளக்கி வைத்திருந்தது. சூடு ஆறியிருக்கவில்லை.

மதியத்துக்கு முன்னால் பல்லக்கு வந்தது. மேளம் கோயில் வாசல்வரை வந்து தடுமாறி நின்றது. முதலில் உள்ளே வந்த பூசாரி என்னைப் பார்த்து அலறினார். பிறகு ஊரே வாசலில். இளவட்டங்கள் இழுத்துப் போடச் சொல்லிக் கத்தினார்கள். ஒருவன் படியில் காலை வைத்துவிட்டான். தில்லைநாயகம் அவனைத் தடுத்துவிட்டு முன்னால் வந்தார்.

“எறங்குங்க அய்யா. தெய்வக் குத்தம்.”

“சூரியன் எறங்கறதுக்குள்ள அவ வாய்க்காலைத் தாண்டட்டும். என் புள்ள இந்தப் பக்கம் வரட்டும். அப்ப நானும் எறங்கறேன்.”

“எறங்கலன்னா?”

“என்னை வெட்டிப் போட்டுட்டு அவளை இங்க வைங்க.”

கூட்டம் அடங்கிவிட்டது. செண்பகவல்லி மட்டும் எங்கிருந்தோ கத்தினாள், “அனுப்பிடுங்கண்ணே! இன்னொரு பொணம் வேணாம்ணே!” யாரோ அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

 தில்லைநாயகம் தானே கிரில் கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டைப் போட்டார். சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

“அம்மன் மண்டபத்துலயே இருக்கட்டும்” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “கும்பாபிசேகம் ஞாயித்துக்கெழமதானே? பசிச்சா எறங்குவாரு.”

“என் பையன்?” என்று கத்தினேன். கம்பியைப் பிடித்து உலுக்கவும் இறங்கவில்லை. இறங்கினால் இந்த இடமும் போய்விடும்.

அவர் கம்பிக்கு அருகில் வந்தார். முதல் நாள் போனில் பேசிய அதே குரல், அதே பணிவு.

“அந்தப் பக்கமும் ஒங்க வீட்டு ஆளு, இந்தப் பக்கமும் ஒங்க வீட்டு ஆளு. எங்க ரெண்டு ஊருக்கும் ஒரு நட்டமும் இல்லீங்க.”

கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அழுதேன். மண்டபத்தில் பல்லக்கின் பின்பக்கம் மட்டும் தெரிகிறது. பரிதியைக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, அவன் எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டரின் போன் அணைத்து வைத்திருக்கிறது. கதவில் விழுந்த வெயில் கம்பி கம்பியாகத் தரையில் நீண்டு, இப்போது சிவந்துவிட்டது. காலையிலிருந்து அக்கரையில் கேட்டுக்கொண்டிருந்த மேளம் சற்று முன் நின்றது.

மங்கை கூப்பிட்டாள். “பரிதி போனே எடுக்க மாட்டேங்கறான். உங்க கூடத்தானே இருக்கான்?”

“இருக்கான்” என்றேன்.